முதுகு மாறிய புத்தகம்

சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்களுக்குப் பக்கம் அமைத்து, அட்டை போட்டு, அச்சகத்துக்கு அனுப்பித் தருவதுதான் என் பிழைப்பு. தைவானில், எங்கள் தைனான் நகரத்தில் இதற்கு நல்ல கிராக்கி. ஆனால் நான் அன்று அடித்த கூத்துக்கு ஒருத்தரும் என் பக்கமே திரும்பியிருக்கக் கூடாது.

ஸ்கூட்டர் மெக்கானிக் தூ போ-ஷாங் தன் கல்யாண வாழ்க்கையை, பக்கத்துக்கு ஒரு சம்பவமாக, அறுபது பக்கம் எழுதியிருந்தார். முதல் பக்கம் முதல் சந்திப்பு. கடைசிப் பக்கம், இரண்டு மாதத்துக்கு முன் மனைவி யூ-ஃபாங் கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனது. "இதைப் படிச்சா திரும்பி வருவாம்மா. ஞாயித்துக்கிழமை புத்தகச் சந்தைக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்றார்.

சீன எழுத்து மேலிருந்து கீழேயும் ஓடும், குறுக்கேயும் ஓடும். மேலிருந்து கீழே ஓடினால் புத்தகத்தின் தாள்களைச் சேர்த்து ஒட்டும் முதுகு வலப்பக்கம்; குறுக்கே ஓடினால் இடப்பக்கம். எங்கள் ஊர்ப் பொடிசுக்கும் இது தெரியும். போ-ஷாங்கின் புத்தகத்தில் எழுத்து மேலிருந்து கீழே. ஆனால் வரிசையாக மூன்று சமையல் புத்தகம் குறுக்கே ஓடும் எழுத்தில் போட்ட கை, அச்சகத் தாளில் 'இடது' என்று குறித்துத் தொலைத்தது. சந்தையன்று காலை பெட்டியைப் பிரித்த பிறகுதான் அதைக் கவனித்தேன். எழுத்து கீழ்நோக்கி ஓடுவதைப் பார்த்து, யாரும் பழக்கப்படி முதுகை வலப்பக்கம் வைத்துத்தான் திறப்பார்கள். திறந்தால் கடைசிப் பக்கம்தான் முதலில் வரும்!

"மன்னிச்சுடுங்க அண்ணே, என் செலவுல மறுபடி அச்சடிச்சுத் தர்றேன்..."

"இனிமே எங்கம்மா? அந்தா வந்துட்டா!"

யூ-ஃபாங் ஒரு பிரதியை எடுத்துப் பழக்கப்படியே திறந்தார்.

"எடுத்த எடுப்பிலேயே நம்ம சண்டையா?"

அவர் புருஷனை முறைத்தார். புருஷன் என்னை முறைத்தார். நான் மேசைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆனாலும் யூ-ஃபாங் அக்கா புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே புரட்டினார். சண்டை, மகனின் கல்யாணம், புயலில் கூரை பறந்தது, மகன் பிறந்தது என்று பின்னால் போகப் போக முகம் இளகிக்கொண்டே வந்தது. கடைசியில், அவர்களுடைய முதல் சந்திப்புப் பக்கத்துக்கு வந்ததும் கத்தினாரே ஒரு கத்து!

"அடப்பாவி மனுஷா! பத்து நிமிஷப் பஞ்சருக்கு வேணும்னே ரெண்டு மணி நேரம் எடுத்தியா? முப்பத்திரெண்டு வருஷமா வாயே திறக்கலையே!"

"முடிச்சுட்டா நீ போயிடுவியேன்னு..."

அவர் காது சிவந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. யூ-ஃபாங் புத்தகத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"வண்டி வெளியில நிக்குது. பின் டயர்ல காத்து இல்லை. என்னன்னு பாரு."

போ-ஷாங் துள்ளி எழுந்தார்.

"எதுக்கு இப்படிப் பறக்கற?" என்றார் யூ-ஃபாங். "மெதுவாவே பாரு."