தனியாகச் செய்யக்கூடியவரா?

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. ரத்த அழுத்தம் பார்க்க என் கையில் பட்டையைச் சுற்றிய நர்ஸ் சொன்னது. கேட்கக் கேட்க எனக்கு முந்நூறு ஏறிவிட்டது. (சரி, நூற்று அறுபது.) பட்டையைக் கழற்றியவர் கதையையும் அங்கேயே நிறுத்திவிட்டார்.

2

அதிகாலையின் பொன்னொளியில் மருத்துவமனை வளாகம்

வேண்டாம். நேராகவே வருகிறேன்.

முடிதிருத்துபவர் ஒருவர். அவருடைய மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக நாளைக்கு நான்கு தடவை மருந்துநீரை மாற்ற வேண்டும். குழாய் முனையில் விரல் பட்டால் போச்சு, கிருமி உள்ளே போய்விடும். இதைக் கணவர் கற்றுக்கொண்டால்தான் அவள் வீட்டுக்குப் போகலாம்.

நர்ஸ் படம் காட்டினார், பட்டியல் கொடுத்தார், பொம்மை வயிற்றில் பழக்கினார். மனுஷன் ஆயிரம் தடவை முனையைத் தொட்டார்.*

* ஒன்பது தடவை.

3

நர்ஸுக்கு வெறுத்துப்போனது. [இது என் கற்பனை.]

"கடையில எப்படிங்க வேலை பார்ப்பீங்க?"

"பேசிக்கிட்டேதாம்மா. எதிர்ல ஆளு 'ம்' கொட்டணும். வாய மூடினா கை வராது."

"வாய மூடிக்கிட்டுச் செய்யுங்கன்னு சொன்னதே நான்தானே! மாஸ்க்கப் போட்டுக்கிட்டுப் பேசுங்க."

மனுஷன் பக்கத்துக் கடைக்காரரின் மூட்டுவலியில் தொடங்கி உலகத்தையே ஒரு சுற்று வந்தார். மனைவி கட்டிலிலிருந்து 'ம்' கொட்டினாள். விரல் முனைப்பக்கம் போகவே இல்லை. அடுத்த மூன்று நாளும் அப்படித்தான்.

"இந்த வாய்க்கு வாக்கப்பட்டதுக்கு இப்பதான் ஒரு பிரயோஜனம்" என்று அவள் துணிமணிகளைப் பையில் அடுக்கிவிட்டாள்.

4

கடைசிப் பரீட்சை. பாதியில் அவள் அசதியில் கண்ணயர்ந்தாள். 'ம்' நின்றது. பேச்சு நின்றது. கையும் அந்தரத்தில் நின்றது. திறந்திருந்த முனையை நோக்கி விரல் நகர்ந்தது.

"ம்" என்றார் நர்ஸ்.

கைக்கு உயிர் வந்தது. வேலை சுத்தமாக முடிந்தது.

"பாஸாம்மா?"

நர்ஸ் நிரப்ப வேண்டிய படிவத்தின் கடைசிக் கேள்வி: தனியாகச் செய்யக்கூடியவரா? ஆம் / இல்லை.

5

நர்ஸ் கதையை நிறுத்திய இடம் இதுதான். மீதியை நானே 'ஆம்' என்று எழுதிப்பார்த்தேன். வீட்டில் அவர்கள் இரண்டே பேர். ஒரு மத்தியானம் அவளுக்கு முனகக்கூடத் தெம்பில்லாமல்

[அடித்துவிட்டேன்.]

'இல்லை' என்று எழுதிப்பார்த்தேன். அடுக்கிய பையை அவளே பிரிக்க வேண்டியிருந்தது.

நர்ஸே அவர்கள் வீட்டுக்குக் குடிபோய் நூறு வருஷம் 'ம்' கொட்டுவதாகவும் எழுதினேன். சிரிப்பு வந்தது. திரும்பப் படித்தபோது வரவில்லை.

நான் ஓய்வுபெற்றவன், என் கையெழுத்து எங்கும் செல்லாது. படிவத்தை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். சீக்கிரம். அவள் கண் விழித்துவிட்டாள், கணவனைக் கேட்கிறாள்:

"எழுதிட்டாங்களா?"