விண்ணப்ப வேளை

"மனசுல எதையும் பூட்டி வைக்காதம்மா. கூட்டத்துல சொல்லிடு. பத்துப் பேர் சேர்ந்து கேட்டா ஆண்டவர் இரங்காமயா போயிடுவார்?"

"எல்லார் முன்னாடியுமா அக்கா?"

"எல்லாரும் நம்ம சகோதரிங்கதானே?"

கல்யாணமான புதிதில் நாத்தனார் இப்படிச் சொன்னபோது, அதில் சந்தேகப்பட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாத்தனார் வீட்டு முன்னறையில் பெண்கள் ஜெபக்கூட்டம். விண்ணப்ப வேளை வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். தாயைப் பறிகொடுத்த துக்கத்தில் கணவன் கூடத்திலேயே படுத்துக்கொள்கிறான், தன் பக்கம் வருவதில்லை, அவன் மனம் திரும்ப வேண்டும் என்று சொல்லி அழுதாள். சகோதரிகளும் சேர்ந்து அழுதார்கள்.

கண்ணீர் காய்வதற்குள் செய்தி தெருவைத் தாண்டிவிட்டது. யாரும் புறம் பேசவில்லை. "ஜெபிக்கத்தான் சொல்றேன்" என்றுதான் ஒவ்வொருத்தியும் அடுத்தவளிடம் சொன்னாள். அவன் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு சகோதரி, கூட வேலை செய்பவர்கள் காதுபட, "தம்பி, உங்க படுக்கையறைக்காக உபவாசம் இருக்கேன்" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்தவன் சண்டை போடவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான். அதன்பிறகு, உப்பு இருக்கிறதா, கரண்ட் பில் கட்டியாச்சா, அவ்வளவுதான் பேச்சு. அம்மாவுக்காக அழுது ஓய்ந்த பிறகும் அவன் கூடத்திலேயே படுத்தான்.

பேதை எவர் சொல்லையும் நம்பும் என்று வேதத்தில் அவள் பலமுறை வாசித்திருக்கிறாள். வேறு யாரையோ சொல்கிறது என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பியும் இருக்கிறாள்.

இந்த வாரக் கூட்டத்தில், புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சொல்லும்மா, இங்க யாரும் வேத்து மனுஷங்க இல்ல" என்றாள் நாத்தனார்.

"இரு" என்று குறுக்கிட்டாள் இவள். "சளி, இருமல்னா இங்க சொல்லு. மத்ததை உள்ள போய்க் கதவைச் சாத்திட்டுச் சொல்லு. ஆண்டவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கார்."

அந்தப் பெண் முந்தானையை விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஞானம் வந்துடுச்சு" என்று சிரித்தாள் நாத்தனார்.

"எல்லாம் உங்க தயவுதான் அக்கா."

நாத்தனார் முகம் சுருங்கியது. "சரி, உன் விண்ணப்பம் என்ன, அதையாவது சொல்லு."

"இருக்கு. கேட்க வேண்டிய ஆள் இங்க இல்ல."

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கடைக்கு நடந்தாள். கடையின் பின்னறையில் அவன் தனியாக இருந்தான். சாணைச் சக்கரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் வெள்ளைச் சேறு.

"என்ன, வீட்ல ஏதாவது தீர்ந்துபோச்சா?" நிமிராமலே கேட்டான்.

அவள் கை நீட்டி, சுவிட்சைத் தட்டிச் சக்கரத்தை நிறுத்தினாள். நாலு பேர் முன்னால் கூசாமல் அழத் தெரிந்தவளுக்கு, இந்த ஒருவன் முன்னால் நாக்கு எழவில்லை. அவன் கோபப்பட்டால்கூடத் தேவலை. கடைக்கு வந்த வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் பக்கத்துல வந்து படுங்க" என்றாள். "உங்க அம்மாவைப் பத்திப் பேசணும்னா பேசுங்க. நான் கேட்டுட்டிருக்கேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."