மேகத்தின் வட முனை

விண்ணப்பம் அனுப்ப மாலை ஐந்தரை வரைதான் நேரம். நாலே முக்காலுக்குத் திரையில், படமெடுக்கத் தோதான நாட்கள் மிகக் குறைவு என்று எச்சரிக்கும் சிவப்புக் குறியைப் பார்த்தாள் பிரதீபா. அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்க ஆண்டுக்கு ஒரே வாய்ப்பு. காரைக்கால் கல்லூரி ஆசிரியையான அவளுக்கு இரண்டு முறை கை நழுவியிருந்தது.

படமெடுக்க வேண்டியது நீளமான ஒரு வாயு மேகம். பன்னிரண்டு படங்களை ஒட்டி வரைபடமாக்க வேண்டும். தொலைநோக்கி எப்போதும் சூரியனுக்கு முதுகு காட்டியே நிற்கும். அதனால் படக்கட்டம் எந்தச் சாய்வில் விழும் என்பதைத் தேதிதான் தீர்மானிக்கும். கூட்டு விண்ணப்பதாரர் கலைவாணன் மதியம் அந்தச் சாய்வை ஒரே கோணத்தில் பூட்டி வைத்திருந்தார்.

வரிச்சிக்குடி வயலில் இருந்தவரைப் போனில் பிடித்தாள்.

"சார், கோணத்தைத் தொட்டீங்களா?"

"ஆமா. கட்டம் கோணலாக் கெடந்துச்சு. இப்ப மேகம் நச்சுன்னு உக்காருது பாருங்க."

"வருசத்துல ரெண்டே நாள்தான் கெடைக்குது சார்!"

"நமக்கு வேண்டியது அஞ்சு மணி நேரம். ரெண்டு நாள் போதாதா?"

பிரதீபா கண்ணை மூடித் திறந்தாள்.

"உங்க வயலுக்கு அறுப்பு மெஷின் என்னைக்கு வர்றதாச் சொன்னாங்க?"

"திங்கக்கெழம."

"இன்னைக்கு?"

"வெள்ளி. இப்பதான் வந்து எறங்குச்சு. அத ஏன் கேக்குறீங்க?"

"அது மாதிரிதான் சார். அந்த ரெண்டு நாள்ல தொலைநோக்கிக்கு வேற வேலை வந்துட்டா நம்ம படம் போச்சு."



பூட்டை எடுத்தால் நீளக் கட்டம் சுழன்று மேகத்தை விட்டு விலகும். அதே பன்னிரண்டு படங்களை அகலமாக அடுக்கினால், மேகம் தொலைநோக்கிக்குத் தெரியும் எந்தத் தேதியிலும் தென்பகுதி உள்ளே இருக்கும். வட முனை போய்விடும். அங்கிருந்த விண்மீன் கொத்து கலைவாணனின் ஆறு வருட ஆராய்ச்சி.

"வடக்கு போயிடும் சார்."

"நாலு படம் கூட்டிப் போட்டா?"

"ஏழு மணி நேரமாகும். ஒரு விண்ணப்பத்துக்கு வரம்பு ஆறு."

"அப்ப எனக்கு இதுல என்னங்க மிச்சம்?"

"பூட்டியே அனுப்புனா ரெண்டு பேருக்குமே ஒண்ணுமில்ல."



"எடுத்துடுங்க" என்றவர், உடனே வேறு யாரையோ பார்த்துக் கத்தினார்: "யோவ், வரப்போரத்த விட்டுட்டுப் போற பாரு!"

கட்டத்தை அகலமாக்கிப் பூட்டை எடுத்ததும் சிவப்புக் குறி மறைந்தது. ஐம்பத்து மூன்று நாட்கள் கிடைத்தன. மணி ஐந்து பத்தொன்பது. மறுபடி போன்.

"தலைப்புல 'முழு மேகம்'னு இருக்குமே, மாத்துனீங்களா? உள்ளயும் வடக்கப் பத்தி நாலு பத்தி எழுதியிருக்கேன். வரிவரியாச் சொல்லவா?"

"வேணாம் சார். போனை வைங்க."

தலைப்பை மாற்றி, அவருடைய நாலு பத்திகளையும் அழித்தாள். ஐந்து இருபத்தெட்டுக்கு விண்ணப்பம் போனது. உடனே மறுபடி அவர் அழைத்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு சார்."

"நல்லது. அடுத்த வருசம் வடக்கு மட்டும் தனியாப் போட்டுடுவோம். நீங்க மத்ததப் பாருங்க, கோணத்த நான் பாத்துக்குறேன்."