கடைசிச் செம்பு

“நீ இன்னைக்கு இந்த ரூம்ல நிக்கக் கூடாது. வாளியை எடுத்துக்கிட்டுப் பின்பக்கமா போயிரு” என்றாள் மேட்ரன் கல்யாணசுந்தரி, நிலைப்படியைத் தாண்டாமலே.

சீனித்தாயால் சட்டென்று நகர முடியவில்லை. பார்வதியம்மாளின் பாரம் முழுவதும் அவளுடைய இடது கையில் இருந்தது. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன உடம்பு. ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குப் பின்னால் பழஞ்சேலைச் சுருட்டை அண்டக் கொடுத்த பிறகுதான் கையை உருவ முடியும்.

“ரெண்டே நிமிசம்மா. திருப்பிப் போட்டுட்டுப் போயிருதேன்.”

“டாக்டரும் சங்கரபாண்டி அண்ணாச்சியும் வந்து இறங்கியாச்சுட்டி. நீ கட்டில்ல கை வச்சத அவிய பாத்தாவன்னா உனக்கும் வேலை போயிரும், எனக்கும் போயிரும்.”

சீனித்தாய் அவசரப்படவில்லை. சுருட்டை அண்டக் கொடுத்து, சேலை மடிப்பு முதுகில் உறுத்தாமல் தடவிவிட்டு, அப்புறம்தான் வாளியை எடுத்தாள். பார்வதியம்மாள் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் அதில் இருந்தது.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில், பழைய தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றை வெள்ளையடித்து முதியோர் இல்லம் ஆக்கியிருந்தார்கள். எண்பத்திரண்டாம் வருஷம் அது. பெற்றவர்களைக் கொண்டுபோய் விடுவதற்கென்று ஒரு இடம் வந்துவிட்டதை ஊர் இன்னும் வாயைப் பிளந்துதான் பார்த்துக்கொண்டிருந்தது. சங்கரபாண்டி வாயைப் பிளக்கவில்லை. கயத்தாறு பக்கம் நாற்பது ஏக்கர் கரிசலும் இரண்டு கிணறும் மாடி வீடும் உள்ளவர். வீட்டில் ஒரு மூலை அம்மா பார்வதியம்மாளுக்கு ஒழியவில்லை. ஆனால் இல்லத்தின் சுற்றுச்சுவர் அவர் கட்டிக்கொடுத்தது. சேர்க்கைத் தாளிலும் தம் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார்: ‘எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அம்மாவைத் தொடக் கூடாது.’ தாயைப் பிறத்தியார் கையில் விடுவதில் அவருக்குக் கூச்சமில்லை, அது எந்தப் பிறத்தியார் என்பதில்தான் கறாராக இருந்தார். மாதம் ஒருமுறை வருவார். பல் ஒன்றுகூட இல்லாத அம்மாவுக்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கி வருவார்.

அவர் சொன்ன ‘எங்கள் ஆட்கள்’ அந்த இல்லத்து ஆயாக்களில் ஒரே ஒருத்திதான், ஆவுடைத்தாய். சித்திரை மாதம் அவள் மகளுடைய தலைப்பிரசவத்துக்கு மணியாச்சிக்குப் போனாள். போனவள் மூன்று மாதம் அங்கேயே தங்கிவிட்டாள். மற்ற ஆயாக்கள் அந்த ஒரு வரிக்குப் பயந்து கஞ்சியைத் தூரத்தில் நின்று கரண்டியால் புகட்டினார்கள். உடம்பைத் தொடவோ திருப்பவோ துணி மாற்றவோ ஆளில்லை. மகன் கேட்ட பராமரிப்பை அவர்கள் எழுத்துப் பிசகாமல் கொடுத்தார்கள்.

ஒன்பதாவது நாள் கக்கூஸ் கழுவும் சீனித்தாய் அந்த அறையைக் கடந்து போனாள். நாற்றம் தன் வாளியிலிருந்து வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தாள். கிழவியின் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். சீனித்தாய் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து அவளைத் தொட்டாள். கல்யாணசுந்தரி அதைப் பார்த்தாள். தடுக்கவில்லை, கதவை மட்டும் சாத்திவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து வெளியில் கக்கூஸ், உள்ளே பார்வதியம்மாள் என்று சீனித்தாய்க்கு வேலை இரண்டாயிற்று. மில் சங்கும் ரயில் சத்தமும்தான் அவளுக்குக் கடிகாரம். இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டாள். வேப்பிலை வெந்நீரில் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, வாழைக் குருத்தில் படுக்கவைத்தாள். முதல் வாரம் கிழவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது வாரம் பேர் கேட்டாள். அடுத்த மாதம் “சீனி வந்தாத்தான் கஞ்சி குடிப்பேன்” என்று அடம்பிடிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

இதற்கிடையில், மதுரையில் உள்ள ஒரு அறக்கட்டளை இல்லத்துக்கு உதவ முன்வந்தது. அதற்கு முன் ஒரு டாக்டர் வந்து பார்த்து மார்க் போடுவார். சாப்பாடு, சுத்தம், மருந்து, பராமரிப்பு என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ‘சிறப்பாகப் பராமரித்தவர் பெயர்’ என்றிருந்தது. அந்தப் பெயருக்கு உரியவருக்கு மதுரையில் ஆறு மாதப் பயிற்சி, திரும்பி வந்ததும் நிரந்தரமான ஆயா வேலை. ஐந்தாவது வரை படித்த சீனித்தாய் மேட்ரன் மேஜையைத் துடைக்கும்போது அந்தக் கட்டத்தை நாலு தடவை படித்திருந்தாள். வாளியைக் கீழே வைப்பதற்கு அவள் பிறப்பில் கிடைத்த ஒரே வழி அந்தக் கட்டம்தான்.

“நீ ஏட்டி பயப்படுத?” என்று நேற்றுக்கூடப் பார்வதியம்மாள் கேட்டாள். “எம் மவன் முன்னாலயே சொல்லுதேன். இவ இல்லன்னா நான் புழுத்துச் செத்திருப்பேன்னு டாக்டர்கிட்ட சொல்லுதேன். பாரு.”

சீனித்தாய் அதை நம்பினாள். மூன்று மாதம் தன் கையில் சாய்ந்து கஞ்சி குடித்த வாய் அல்லவா அது?

டாக்டர் வேல்சாமி உள்ளே வந்தபோது பத்து மணி இருக்கும். கூடவே சங்கரபாண்டி, மேட்ரன், போன வெள்ளிக்கிழமை திரும்பி வந்த ஆவுடைத்தாய். சீனித்தாய் பின்கதவை ஒட்டி வாளியோடு நின்றாள்.

“சமையலுக்கு யாரு?” என்று சங்கரபாண்டி கேட்டார்.

“நம்ம ஆளுகதான் அண்ணாச்சி.”

“தண்ணி எடுக்கது?”

“அதும் நம்ம ஆளுகதான்.”

அவருடைய பரிசோதனை அத்தோடு முடிந்தது. டாக்டர் குனிந்து கிழவியின் இடுப்பைப் பார்த்தார். விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

“மூணு மாசம் முன்னால இந்தப் புண்ணு எலும்பு தெரியிற ஆழம்னு நோட்டுல எழுதியிருக்கு. இப்ப புதுத் தோலே வந்துட்டுது. பெரியாஸ்பத்திரியிலகூட இப்படி ஆறி நான் பாத்ததில்ல. யாரும்மா பாத்துக்கிட்டது?”

“ஆவுடைத்தாய்தான் சார்” என்றாள் கல்யாணசுந்தரி, கண்ணைக்கூட இமைக்காமல்.

ஆவுடைத்தாய் தன் கால் பெருவிரலைப் பார்த்தாள். சீனித்தாய் கட்டிலைப் பார்த்தாள். சொல்லுங்கம்மா, இப்பச் சொல்லுங்க என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். பார்வதியம்மாள் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். அப்புறம் மகனைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

“ரொம்ப நல்லதும்மா” என்றார் டாக்டர் ஆவுடைத்தாயிடம். “எப்படித் திருப்பிப் போடுவீங்கன்னு ஒருக்கா செஞ்சு காட்டுங்க. மத்த ஊர்ல சொல்லிக் குடுக்க எனக்கு உதவும்.”

ஆவுடைத்தாய் தயங்கித் தயங்கிப் போய், வசம் தெரியாமல், விழுந்துபோன வலது கையையே பிடித்து இழுத்தாள். கிழவி கட்டில் விளிம்புக்குச் சரிந்தாள்.

“ஏட்டி சீனீ! பிடிட்டீ!”

வாளியை எப்போது வைத்தோம், எப்போது ஓடினோம் என்று சீனித்தாய்க்கே தெரியாது. ஒரு கை தோளுக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில். ஒரே மூச்சில் தூக்கித் திருப்பி, சுருட்டை அண்டக் கொடுத்துவிட்டாள்.

சங்கரபாண்டியின் முகம் கறுத்துப்போயிருந்தது. “அம்மா, இவ இதுக்கு முன்னால உங்களத் தொட்டிருக்காளா?”

“இல்லய்யா.”

“இப்பப் பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்களே?”

“நான் எங்க கூப்பிட்டேன்? வாளிய எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டேன். அவளா வந்து தொட்டுட்டா, மூதி.”

மேட்ரன் கைவிடுவாள் என்று சீனித்தாய்க்குத் தெரியும். மேட்ரனுக்கு வேலை முக்கியம். ஊர் என்ன சொல்லும் என்பதும் தெரியும். இந்த வாயிலிருந்து இது வரும் என்று மட்டும் அவள் நினைக்கவில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டருக்குப் புரியாமல் இல்லை. திருப்பிப் போட்ட கையைக் கண்ணால் பார்த்தவர். பேனாவைத் திறந்துகொண்டு, “நான் யார் பேரை எழுத?” என்று பொதுவாகக் கேட்டார்.

“கண்ணாடி மாதிரித் தெரியுதே சார், ஆவுடைத்தாய்னு எழுதுங்க” என்றார் சங்கரபாண்டி. டாக்டர் அவரையும் வெளியே தெரிந்த சுற்றுச்சுவரையும் பார்த்தார். பராமரிப்பு ‘மிக நன்று’ என்று எழுதினார். கீழே, ஆவுடைத்தாய் என்றும் எழுதினார். எழுதி முடித்ததும் அங்கே நிற்கப் பிடிக்காமல் ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார்.

“அம்மாவத் தலைக்குக் குளிப்பாட்டுங்க, உடனே” என்றார் சங்கரபாண்டி.

சீனித்தாய் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். முற்றம்கூடத் தாண்டியிருக்க மாட்டாள். உள்ளேயிருந்து அலறல் கேட்டது. கல்யாணசுந்தரி பின்னாலேயே ஓடிவந்தாள்.

“சீனித்தாய், ஒரு கை பிடிட்டி. எங்க ரெண்டு பேராலயும் தூக்க முடியல.”

“எதுக்கும்மா இப்பக் குளிப்பாட்டுதீங்க?”

மேட்ரன் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“நான் தொட்ட தீட்டப் போக்கதுக்கு நானே தூக்கணுமா? பெத்த பிள்ளை நிக்காருல்லா, அவரத் தூக்கச் சொல்லுங்க.”

இது சங்கரபாண்டியின் காதில் விழுந்தது. அவர் கட்டிலில் பாதி சரிந்து கிடந்த அம்மாவைப் பார்த்தார். தம்முடைய சலவை வேட்டியைப் பார்த்தார். பிறகு, பெரிய மனசு பண்ணுகிற குரலில் தீர்ப்புச் சொன்னார்.

“சரி, அவளே தூக்கட்டும். பிடிச்சுக்கிடட்டும், குளிப்பாட்டட்டும். கடைசிச் செம்பு மட்டும் ஆவுடைத்தாய் ஊத்தணும். அப்ப அவ கைய எடுத்துறணும். அதோட எல்லாம் போயிரும்.”

சீனித்தாய் அவருக்காகப் போகவில்லை. சரிந்து கிடந்தால் புதுத்தோல் உரிந்துவிடும், மூன்று மாத உழைப்பு போய்விடும். அதற்காகப் போனாள். கிழவியைக் குழந்தையைப்போல் வாரித் தோளில் சாய்த்துக்கொண்டு குளியலறைக்கு நடந்தாள்.

“கோவிச்சுக்கிடாத சீனி” என்று பார்வதியம்மாள் காதோரமாக முனகினாள். “ஊருக்குள்ள அவன் தலை நிமிந்து நடக்கணும்லா.”

“எனக்கும் ஒரு பேரு இருக்கும்மா” என்றாள் சீனித்தாய்.

முக்காலியில் உட்காரவைத்து, ஒரு கையால் முதுகைத் தாங்கி, மறு கையால் தலையைத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். மஞ்சள் கரைத்த கடைசிச் செம்பை ஆவுடைத்தாய் தூக்கினாள்.

“கைய எடுத்தாச்சா?” என்று வெளியே சுவரைப் பார்த்து நின்றபடி சங்கரபாண்டி கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி.”

“எடுட்டி!”

“எடுத்தா விழுந்துருவாவ” என்றாள் சீனித்தாய்.

“ஒரு நிமிசம் விட்டுருட்டி” என்று கிழவியும் கெஞ்சினாள். அவளுடைய நல்ல கை மட்டும் சீனித்தாயின் முந்தானையை இறுகப் பிடித்திருந்தது.

“விடமாட்டேன்.”

ஆவுடைத்தாய் ஊற்றினாள். தண்ணீர் இரண்டு பேர் மேலும் வழிந்தது. வெளியிலிருந்து, “செல்லாது, இன்னொரு செம்பு ஊத்து” என்று குரல் வந்தது. இன்னொரு செம்பு ஊற்றினாள். சீனித்தாயின் கை முதுகிலேயே இருந்தது. இன்னொன்று. இன்னொன்று. ஐந்தாவது செம்புக்கு ஆவுடைத்தாய் தொட்டிக்குள் குனிந்தபோது செம்பு அடித்தளத்தில் உரசியது.

“தண்ணி தீந்துட்டு அண்ணாச்சி. குழாய்ல இனி வியாழக்கிழமைதான் வரும்.”

சங்கரபாண்டி சுவரை விட்டுத் திரும்பிப் பார்த்தார். சீனித்தாய் துண்டை எடுத்து, எல்லோரும் பார்க்க, பார்வதியம்மாளின் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.