ஹாரூன் வீட்டு எறும்புகள்

சனாவின் ரத்தத்தில் சர்க்கரை ஏறிய நாளெல்லாம் எறும்புகள் வந்து ஹாரூன் வீட்டு வாசலில் வரிசையாக நின்றன. கடிக்காத சின்னக் கறுப்பெறும்புகள். சர்க்கரை கொஞ்சம் கூடுதல் என்றால் வரிசை படியோடு நிற்கும். ரொம்பக் கூடுதல் என்றால் நடுவீட்டைத் தாண்டி அவளுடைய கட்டில்கால் வரைக்கும் வரும். ஊசி போட்டுச் சற்று நேரத்தில் வந்த வழியே திரும்பிப் போய்விடும். எறும்பு முதன்முதலாக வந்த வருசம் கோவில்பட்டியில் மழை பொய்த்தது, மிளகாய் வத்தல் விலை ஏறியது. தெருக்காரர்கள் மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

சனா அப்போது ஆறாம் வகுப்பு. கோடையில் வெடித்த கரிசல் காடு மாதிரி, எத்தனை குடம் ஊற்றினாலும் அவள் தாகம் அடங்கவில்லை. தின்றதெல்லாம் எங்கே போனதென்று தெரியாமல் துரும்பாக மெலிந்தாள். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தகப்பன் ஹாரூனுக்கு வத்தல் மண்டி. ஆகவே டாக்டரம்மா மண்டி பாஷையிலேயே விளக்கினார்.

"மண்டிக்கு லாரி லாரியா மூட்டை வருது, இறக்க லோடுமேன் இல்லைன்னு வைங்க அண்ணாச்சி. மூட்டை பூரா ரோட்டுல நிக்கும், குடோன் காலியா கெடக்கும். உடம்புக்கு இன்சுலின்தான் லோடுமேன். இவ கணையம் அதைச் சுரக்குறதை நிறுத்திட்டு. இனிமே ஊசியிலதான் ஆள் வரணும்."

"எம்புட்டு நாளைக்கும்மா?" என்று கேட்டார் ஹாரூன்.

"இருக்கிற வரைக்கும். இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. ஊசியப் போட்டுட்டுப் புள்ளையப் பட்டினி போட்டுராதீங்க. வேலைக்கு ஆள் வந்து நிக்கும், மூட்டை இருக்காது. ரோட்டுல கெடக்க கொஞ்ச நஞ்சத்தையும் அள்ளி உள்ள போட்டுரும். மூளைக்கு ஒண்ணும் மிஞ்சாது. ஏறுறதை விட எறங்குறதுதான் ஆளைக் கொல்லும்."

ஹாரூனின் மனைவி பதருன்னிசா பாடத்தைக் கற்றுக்கொண்டாள். ஊசி போடுவதில் நர்ஸுகள் தோற்றார்கள். ஆனால் அவளுக்கு நோயை விடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே தெரிந்தால் இவளை எவன் கட்டுவான்? மருந்துக் குப்பியை ஃப்ரிட்ஜுக்குள் மருதாணி டப்பாவில் ஒளித்தாள். வாசலில் எறும்புப் பொடி தூவினாள். எறும்புகள் பொடியைச் சுற்றிக்கொண்டு வந்தன. பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி தீப்பெட்டி ஆபீசுக்குப் புறப்படும்போது சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மைனி, எறும்பு படி ஏறிட்டு, பாத்துக்கோங்க," என்பாள். "கருப்பட்டி வாங்கிப் போட்டிருக்கோம்லா," என்பாள் பதருன்னிசா. பத்து வருசமாக ஒரே கருப்பட்டிதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்தத் தெரு அந்தச் சொல்லைப் பொய்யாக்கியது. எல்லோருக்கும் தெரியும், பெண் கேட்டு விசாரிக்க வந்த எவரிடமும் ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைந்தான். "சொல்லிருவோம் உம்மா," என்றாள் சனா. "சொல்லி? காலம்பூரா எங்கூடவே இருக்கப் போறியா? வாயப் பொத்துட்டி," என்றாள் பதருன்னிசா. அவர்கள் வழக்கத்தில் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டில் சீனி கொண்டுவந்து ஆளுக்கொரு கரண்டி பெண்ணுக்கு ஊட்டுவார்கள். அந்தச் சீனி நாக்கில் படும்வரை பெண் வேறெதையும் வாயில் வைக்கக்கூடாது. அத்தனை கரண்டிக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாள் பதருன்னிசா. இன்றைக்கு ஒரு எறும்பு கூட வாசலில் தெரியக்கூடாது. வழக்கத்தை விட அதிகமாக மருந்தை ஊசியில் ஏற்றி வைத்துக்கொண்டு போனுக்காகக் காத்திருந்தாள். மாப்பிள்ளையின் மாமா கூப்பிட்டார். "கயத்தாறு தாண்டியாச்சு!" என்றார். உடனே ஊசியைப் போட்டாள்.

இந்தப் பக்கத்தில் கயத்தாறு தாண்டியாச்சு என்று ஒருத்தர் சொன்னால் இன்னும் செருப்பு மாட்டவில்லை என்று அர்த்தம். பச்சைப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அவளுந்தான் எத்தனையோ கல்யாணங்களுக்கு அதே பொய்யைச் சொல்லிவிட்டுத் தலை சீவ உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் நம்பிவிட்டாள், பாவி மனுஷி.

வேன் வரவில்லை. பட்டுச்சேலைக்குள் சனாவுக்கு வேர்த்துக் கொட்டியது. விரல் நடுங்கியது. "உம்மா, கிறுகிறுன்னு வருது. ஒரு மிட்டாய் தா." அறை நிறைய உறவுக்காரப் பெண்கள். பதருன்னிசா சுற்றிலும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னாள், "செத்தப் பொறுத்துக்கோ மவளே, வந்துட்டாவ." சொல்லிவிட்டு பிரியாணி அண்டாவைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது பிள்ளை சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். கண் பாதி செருகியிருந்தது. கூப்பிட்டால் முனகினாள். என்ன முனகினாள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

அப்போதுதான் எறும்புகள் வந்தன. சர்க்கரை இறங்கிக் கிடக்கும்போது அவை ஒருநாளும் வந்ததில்லை. கடலைமிட்டாய்க் கடைகள் இருக்கிற பஜார்ப் பக்கத்திலிருந்து, சுவர் ஏறி, பந்தல்காலைச் சுற்றி, வாசற்படியில் நிற்காமல் நேரே உள்ளே வந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சீனிப் பருக்கை. சேலை மடிப்பில் ஏறி, கழுத்து வழியாக, சனாவின் உதட்டுக்குள் பருக்கையை வைத்துவிட்டு, காத்திருக்கிற அடுத்ததற்கு வழிவிட்டு இறங்கின. சனாவின் நாக்கு மெல்ல அசைந்து அதை எடுத்துக்கொண்டது. சரியாக அந்நேரம் மாப்பிள்ளை வீட்டார் சீனித் தட்டோடு வாசலில் வந்து இறங்கினார்கள்.

"எம் மவளுக்கு சுகர் இருக்கு!" என்று தெருமுனை வரை கேட்கக் கத்தினாள் பதருன்னிசா. "சின்னப் புள்ளையிலேருந்து ஊசி போடுதேன். மறைச்சது நாந்தான். அந்தச் சீனியக் கொண்டாங்க!" மாப்பிள்ளையின் தாயார் கையிலிருந்த தட்டைப் பறித்து, விரலால் அள்ளி அள்ளி மகளின் ஈறில் தடவினாள். கொஞ்சம் தெளிந்ததும் கரைத்துக் கொடுத்தாள். சனா கண்ணைத் திறந்து தாயைப் பார்த்தாள். "பொறுன்னியே உம்மா," என்றாள். அவ்வளவுதான். பதருன்னிசா அவள் காலடியில் விழுந்து அழுதாள்.

மாப்பிள்ளை வீட்டார் டீயைத் தொடாமல் வேன் ஏறினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைய பிரியாணியைத் தெருவே சாப்பிட்டது. செண்பகவல்லி வாசலைப் பெருக்கும்போது எறும்புகள் போகும் பாதையை விட்டுப் பெருக்கினாள்.

இரண்டு வருசம் கழித்துக் குளத்தூரிலிருந்து உப்பளத்து லாரிக் கணக்குப் பார்க்கிற அப்துல் வாஹித் தாயோடு பெண் பார்க்க வந்தான். அன்றைக்குச் சர்க்கரை கூடுதல், எறும்புகள் படியில் நின்றன. பதருன்னிசா உட்காரச் சொல்வதற்கு முன்னால் நோயைச் சொன்னாள், ஊசியைச் சொன்னாள், எறும்பைச் சொன்னாள். வாஹித்தின் தாய் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றையும் மிதிக்காமல் உள்ளே வந்தாள். அவன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான். "எங்க ஊரு உப்புத் தரை. அங்கன எறும்பு வருமா?"

கல்யாணம் முடிந்து சனா போன மறுநாளிலிருந்து கோவில்பட்டி வாசலில் ஒரு எறும்பும் இல்லை. பதருன்னிசாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்கு ஏறினால் யார் சொல்வார்கள், இறங்கினால் யார் கொண்டுவருவார்கள்? குளத்தூருக்குப் போகிற விளாத்திகுளம் சாலையோரம் ஒரு கறுப்புக் கோடு கிழக்கே போய்க்கொண்டிருப்பதாகவும், பஸ்காரர்கள் ஒதுக்கி ஓட்டுவதாகவும் மண்டிக்கு வந்தவர்கள் பேச்சுவாக்கில் சொன்னார்கள்.

ஒரு காலையில் போன் வந்தது. வாஹித்தின் தாய்.

"ஒங்க வீட்டு எறும்பு வந்து சேந்துட்டு மைனி. படியில நிக்கு. புள்ள ஊசி போட்டுட்டா. இதுக எந்நேரம் போகும்?"

பதருன்னிசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"செத்த நேரத்துல போயிரும் மைனி," என்றாள். "மிதிச்சிராதீங்க."