ஏரிக்கரைப் புல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில் பண்ணைப் பசு வலிப்பு கண்டு சாய்ந்ததும் ஊர் சவுரிராயனைத்தான் பார்த்தது. வேறு யாரைப் பார்க்கும்? மேய்த்தவன் அவன். செத்த மாட்டின் தோலும் அவனுக்கு என்பது பெருமுக்கல் கிராமத்தில் பாட்டன் காலத்து வழக்கம். தோலுக்கு ஆசைப்பட்டு விஷம் வைத்துவிட்டான் என்று பண்ணைக்காரர் கோதண்டபாணி சொன்னார். அவ்வளவுதான், மாட்டின் தும்புக் கயிற்றாலேயே அவனைப் புளியமரத்தில் கட்டிவிட்டார்கள். மாடு செத்தால் போலீஸ் எல்லாம் எதற்கு, இவனை இங்கேயே முடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்தது.

கன்று போட்டு மூன்று வாரமான பசு அது. காது துடிக்க, பல்லை நறநறவென்று கடித்து, வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. யாராவது இருமினால்கூடக் கால் விறைத்து உதறியது. சவுரிராயன் கண்ணை மூடிக்கொண்டான். பாவி மனசு, தன் உயிர் ஊசலாடும்போதும் அந்த மாட்டுக்காகத்தான் அடித்துக்கொண்டது.

கோதண்டபாணி ஆள் விட்டிருந்ததால் திண்டிவனத்திலிருந்து மாட்டு டாக்டர் சீனுவாசன் சைக்கிளில் வந்து இறங்கினார். எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, மாடு எங்கே மேய்ந்தது என்று கேட்டார்.

சவுரிராயன் கண்ணைத் திறந்தான். சொன்னால் தன் வாயாலேயே மாட்டிக்கொள்வான். சொல்லாவிட்டால் மாடு போய்விடும்.

"நான்தாங்க மேச்சேன். மழைக்கு ஏரிக்கரையில தளதளன்னு புதுப் புல்லு. பால் கறக்கிற மாடாச்சேன்னு பத்து நாளா அதையேதான் துன்ன வுட்டேன்."

கோதண்டபாணி செருப்பைக் கழற்றினார். டாக்டர் கையமர்த்தி, இது விஷமில்லை என்றார். மழைக்கு மடமடவென்று வளரும் இளம்புல்லில் மெக்னீசியம் என்ற சத்து குறைவு, உடம்பில் இருப்பதும் பாலோடு போய்விடும், அது குறைந்தால் நரம்பு அடங்காது, சதை தானாக இழுத்துக்கொள்ளும் என்றார். பேதிக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புதான் இதற்கும் மருந்து. அதைத் தோலுக்கடியில் ஊசியாக ஏற்றினார்.

இரண்டு நாழிகை போயிற்று. முதலில் காதுத் துடிப்பு நின்றது. பிறகு பசு பின்னங்காலை ஊன்றித் தள்ளாடி எழுந்து, சாணி போட்டது.

கோதண்டபாணியே சவுரிராயனின் கட்டை அவிழ்த்தார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வருமா? அதே கயிற்றை நீட்டி, மாட்டைக் கொட்டகையில் கட்டச் சொன்னார்.

சவுரிராயன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். வீட்டின் அடுத்த வேளைக் கேப்பைக் கூழ் அந்தக் கயிற்றில்தான் இருந்தது. அவன் கை நீட்டவில்லை.

"வேற ஆளு பாத்துக்கங்க, ஆண்டே."