பதினான்காம் நம்பர் ஊசியின் முனை

காஜாவுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, முதல் குண்டூசி பறந்து வந்து அவள் வயிற்றில் ஒட்டியது. வெங்காய விலை இரண்டாம் முறை ஏறிய வாரம் அது. ஊசி குத்தவில்லை, தன் பாட்டுக்குப் படுத்துக்கொண்டது. எடுத்து டப்பாவில் போட்டாள், திரும்ப வந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பதினேழு குண்டூசிகளும் நூல் வெட்டும் சின்னக் கத்தரி ஒன்றும் வந்து சேர்ந்துவிட்டன. பிறந்த குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் கம்பெனி அது. பொத்தான் துளைக்கு ஓரம் கட்டும் காஜா மெஷினில் எட்டு வருடமாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் காஜாதான், கட்டிய புருஷன் உட்பட.

அதற்கு முன்பே அவள் உடம்பு சும்மா இருக்கவில்லை. வாந்தியும் நெஞ்செரிச்சலும் போதாதென்று திடீர் திடீரென மூக்கில் ரத்தம் வந்தது, உள்ளங்கை அரித்தது, செருப்பு ஒரு அளவு சிறிதாகிப் போனது. எதைச் சொன்னாலும் லைனில் இருந்த நாற்பது பெண்களும், "அதெல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். குண்டூசிக்கும் அதே பதில்தான். "எங்க சித்திக்கு மூணு மாசம் இடது காது கேக்கவே இல்ல. பெத்ததும் சரியாப் போச்சு" என்றாள் பக்கத்து மெஷின்காரி, தன் கத்தரியை அவள் வயிற்றிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டே. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, உடம்பில் இரும்புச் சத்து ரொம்பக் குறைவு என்றார். மேஜைமேல் இருந்த காகித கிளிப்புகள் வரிசையாக நகர்ந்து போய் காஜாவின்மேல் ஏறின. டாக்டரம்மா அவற்றை ஒரு கையால் திரும்ப வழித்துக்கொண்டே, மறு கையால் இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். சாயங்காலம் பையில் ஸ்பேனரோடு உள்ளே நுழைந்தால் ஸ்பேனர் அவனுக்கு முன்னால் அவளிடம் போய்விடும். இரண்டு நாள் சிரித்தான், மூன்றாம் நாள் யோசித்தான். இரும்புத் தோசைக்கல்லைப் பரணில் ஏற்றினான், கத்திக்கு மர உறை செய்தான், கட்டிலில் இருந்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டுக் கயிற்றால் கட்டினான். எவர்சில்வர் பாத்திரங்கள் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவற்றுக்கு எப்போதும் கொஞ்சம் மிதப்புதான்.

கம்பெனிக்கோ இது லாபமாகப் போயிற்று. அங்கே ஒரு விதி உண்டு. மெஷின் ஊசி உடைந்தால் அத்தனை துண்டுகளையும் தேடி எடுத்து, கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஊசி அக்காவிடம் கொடுக்க வேண்டும். அவர் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பார். முழு ஊசி கூடினால்தான் நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, கிடைத்த இடம், கண்டெடுத்தவர் கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டு புது ஊசி தருவார். ஒரு முனை கிடைக்காவிட்டாலும் அந்த மூட்டைச் சட்டை மொத்தமும் நிற்கும். பச்சைக் குழந்தையின் தோலில் படுகிற துணி, விளையாட்டில்லை. முன்பெல்லாம் ஒரு முனைக்காக நாற்பது பேரும் தரையில் தவழ்வார்கள். இப்போது, "காஜா, கொஞ்சம் வந்து நில்லேன்" என்றால் போதும். அவள் நடந்து வருவதற்குள் முனை எங்கிருந்தாலும் எழுந்து வந்துவிடும். ஒரு மாதத்தில் ஒரு மூட்டைகூட நிற்கவில்லை. சூப்பர்வைசர் அவளுக்கு மெத்தை வைத்த நாற்காலி கொடுத்தார். அதிலும் நான்கு ஆணி இருந்தது என்பது வேறு விஷயம்.

ஆறாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவளுடைய ஊசியே உடைந்தது. பெரிய துண்டு மெஷினில் நின்றது. முனை, அரை அரிசி அளவு, காணவில்லை. அவள் வயிற்றைத் தடவிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. கழிப்பறைக்குப் போய்த் துணியை விலக்கிப் பார்த்தாள். தொப்புளுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. ஊரில் இருக்கிற இரும்பெல்லாம் தோலோடு நின்றுவிட்டது, இது ஒன்று மட்டும் உள்ளே போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்தது. எல்லோருடைய முனையையும் கண்டுபிடித்துக் கொடுப்பவள் தன்னுடையது கிடைக்கவில்லை என்று சொன்னால், அது எங்கே போயிருக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது? யாராவது அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள், சொன்னால் அது நிஜமாகிவிடும். முந்தின வாரம் எங்கிருந்தோ வந்து ஒட்டிய பழைய முனை ஒன்று அவள் டப்பாவில் கிடந்தது. அதைப் பெரிய துண்டோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். ஊசி அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டு முனையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், டேப்பைக் கிழித்து ஒட்டினார், புது ஊசியைக் கொடுத்தார்.

அதன்பிறகு அவள் குழந்தையின் அசைவைச் சந்தோஷமாக அனுபவித்ததே இல்லை. உதைத்தால் வலியில் உதைக்கிறதோ என்று பயம், உதைக்காவிட்டால் அதைவிடப் பயம். குனிந்தால் குத்துமோ என்று நிமிர்ந்தபடியே நடந்தாள். மூச்சைக்கூட அளந்து விட்டாள். பார்த்தவர்கள் பிள்ளைத்தாய்ச்சி என்ன கம்பீரமாக நடக்கிறாள் பார் என்றார்கள். பாவி மக்கள்.

எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்த புருஷன் கையில் குழந்தைக்கென்று வாங்கிய சட்டை வந்தது. அவள் அதைப் பிடுங்கி மடிப்பு மடிப்பாகத் தடவித் தேட ஆரம்பித்தாள்.

"என்ன தேடுற?"

அவள் உடைந்து அழுதாள், எல்லாவற்றையும் சொன்னாள். "என் பிள்ளைய நானே குத்திட்டேங்க."

"ரெண்டு மாசமா ஏன் சொல்லல?"

"சொன்னா எல்லாரும் அதெல்லாம் அப்படித்தான் இருக்கும்னுவாங்க. இல்லன்னா நிஜம்னுவாங்க. ரெண்டையும் என்னால கேக்க முடியாது."

அவன் இரண்டையும் சொல்லவில்லை. சட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் வயிற்றில் காதை வைத்தான். அவனுடைய சட்டைப் பையில் கிடந்த சின்ன ஸ்பேனர் போய் ஒட்டிக்கொண்டதால், காதை எடுக்க நினைத்தாலும் முடிந்திருக்காது. கால் மணி நேரம் அப்படியே இருந்தார்கள். "உள்ள இருக்கறது நல்லாத்தான் ஓடுது. வா, போய்ப் பாத்துட்டே வந்துடுவோம்" என்றான். மெக்கானிக் பேச்சு அப்படித்தான் இருக்கும். ஆனால் அவளுக்கு அன்றைக்குத்தான் முழு மூச்சு வந்தது.

ஸ்கேனில் ஊசி தெரியவில்லை. தலை, முதுகு, இதயம், இரண்டு கால், எல்லாம் சரியாக இருந்தன. வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. அடுத்த வாரம் பார்த்தபோதும் மூடியிருந்தது, அதற்கடுத்த வாரமும் அப்படியே. டாக்டரம்மா சிரிக்கவில்லை. முழு விவரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிரசவத்தன்று கத்தரியைப் பிடித்துக்கொள்ள மட்டும் தனியாக ஒரு நர்ஸை நிறுத்தினார். பதினோரு மணி நேர வலிக்குப் பிறகு குழந்தை வெளியே வந்த கணத்தில், காஜாவின் மேல் ஒட்டியிருந்த ஹேர்பின், கிளிப்பு, யாருடையதோ ஒரு சாவி வளையம், எல்லாம் சலசலவென்று தரையில் கொட்டின. பெண் குழந்தை, மூன்று கிலோ இருநூறு. வலது கையை அது ஒன்பது நாள் திறக்கவில்லை. யாரும் பிரித்துப் பார்க்கவும் இல்லை. பத்தாம் நாள் பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போனபோது கை தானாக மலர்ந்தது. உள்ளங்கை நடுவில் முனை இருந்தது. சுற்றி ஒரு கீறல்கூட இல்லை. காஜா அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும் கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கம்பி வலை முன்னால் நின்று, டேப்பில் ஒட்டிய முனையை நீட்டினாள். "அக்கா, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

ஊசி அக்கா தேடாமலே நோட்டில் அந்தப் பக்கத்தைப் பிரித்தார். "நீ குடுத்தது பதினொண்ணாம் நம்பர் முனை. உன் மெஷினுக்குப் பதினாலு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அப்போ ஏன் கேக்கல?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். எங்க போச்சுன்னு தெரிஞ்சுது. கேட்டு என்ன ஆகப்போகுது? வரட்டும்னு இருந்தேன்."

அந்த மூட்டைச் சட்டைகளையும் அவர் அனுப்பவில்லை. கயிறு கட்டி அலமாரியின் மேல்தட்டில் ஐந்து மாதமாக வைத்திருந்தார். சூப்பர்வைசர் கேட்டபோதெல்லாம் நோட்டு முடியவில்லை என்றே சொல்லியிருந்தார். பழைய முனையைப் பிய்த்துவிட்டுப் புதியதைப் பெரிய துண்டோடு சேர்த்து வைத்தார். மயிரிழை பிசகாமல் கூடியது. கீழே புது வரி தொடங்கி, கிடைத்த இடம் என்ற கட்டத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், குழந்தையின் வலது கை என்று எழுதினார். கண்டெடுத்தவர் கையெழுத்து என்ற கட்டம் பாக்கி இருந்தது. காஜா பேனாவை வாங்கப் போனாள். ஊசி அக்கா கொடுக்கவில்லை, மைப்பெட்டியைத் திறந்தார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் வலது கட்டைவிரலைப் பிடித்து மையில் தொட்டுக் கட்டத்தில் வைத்தார்.

மறுவருடம் தணிக்கைக்கு வந்த அதிகாரி அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். அந்தப் பக்கம் வந்ததும், ரேகை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விழுந்திருந்தது. ஓரத்தில் பச்சை மையில் சரி என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.